வெட்டுக்கு மதிப்பில்லாத ஊர்

வெள்ளாங்குறிச்சியில் எருமைக்குக்கூடத் தங்கத்தில்தான் கழுத்துமணி. திருட ஆள் கிடையாது. வாசலில் கோலம் போடுகிற பெண்கள், மாவு டப்பாவைத் தேடச் சோம்பல்பட்டால் வைரப்பொடியை அள்ளித் தூவிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அதைப் பெருக்கிக் குப்பையில் கொட்டுவார்கள்.

வீட்டுக்கு வீடு பெட்டி இருந்தது. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, ஊருக்கு அது பெட்டிதான். ஒரு பக்கம் மண்ணும் தண்ணீரும் போட்டு வேண்டியதைச் சொன்னால் மறுபக்கம் வந்து விழும். பட்டுச்சேலையா, ஆட்டுக்கறிக் குழம்பா, தேக்குக் கட்டிலா, கேட்டது கிடைக்கும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள், இனிமேல் மனிதர்களுக்குள் சண்டை போடக் காரணமே இருக்காது என்றார்கள். பாவம், அவர்கள் வெள்ளாங்குறிச்சிப் பக்கம் வந்ததில்லை.

வரப்புத் தகராறு, கிணற்றுத் தகராறு, பங்காளி வழக்கு எல்லாம் போன இடம் தெரியாமல் போனது உண்மைதான். ஒன்றே ஒன்று மட்டும் மிஞ்சியது. முப்பிடாதி அம்மன் தேரோட்டத்தில் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வடத்தைத் தொடுவது வடக்குத் தெருவா, தெற்குத் தெருவா? பெட்டியைக் கேட்டால் ஆயிரம் பரிவட்டம் தரும். முதல் ஆள் என்றால் ஒருத்தன்தானே, இரண்டாவது முதல் ஆளை அது எங்கே போய்ச் செய்யும்? சண்டை போட வேறு எதுவும் இல்லாததால் ஊரில் இருந்த வெறியெல்லாம் இந்த ஒரு சந்து வழியாகப் புகுந்தது. தேருக்கு முன்னால் பொட்டலில் களம் வைத்தார்கள். தெருவுக்கு இருபது பேர், ஆளுக்கு ஓர் அரிவாள். கை காலை இழந்தவன் ஒதுங்க வேண்டும், ஒதுங்காமல் மிஞ்சுகிற தெருவுக்கு மரியாதை.

ஆஸ்பத்திரியில் ஓர் அறை அளவுக்குப் பெரிய பெட்டி ஒன்று இருந்தது. அது உடம்புக்கானது. வெட்டுப்பட்டவனை உள்ளே படுக்கவைத்தால் போன கை முளைத்து வெளியே வருவான். அதை இயக்கியவள் வடிவு. பிறந்தது தெற்குத் தெரு, வாழ்க்கைப்பட்டது வடக்குத் தெரு. அவள் புருஷன் கொம்பையா வடக்குத் தெருக் களத்துக்குத் தலைவன். அவளுடைய ஒரே தம்பி ஐயம்பெருமாள் தெற்குத் தெருவுக்குத் தலைவன். தேர் நாள் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

போன வருஷத் தேர் அன்றைக்கு மாவட்ட நலத்துறையிலிருந்து ஷாகுல் என்று ஓர் அதிகாரி பெட்டியைப் பார்வையிட வந்திருந்தார். பட்டணத்து ஆள். ஆஸ்பத்திரி மேஜையில் இரண்டு தாம்பாளம் வாழை இலை போட்டு மூடியிருந்ததைப் பார்த்து, ஏதோ பலகாரம் என்று நினைத்து இலையைத் தூக்கினார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கை சார்," என்றாள் வடிவு. "பெட்டி புதுசா முளைக்க வச்சிரும், பழசு தேவையில்ல. தூக்கிப்போட மனசு வராம எல்லாரும் எடுத்துட்டு வந்துருதாவ."

"வலிக்காதா அவங்களுக்கு?"

"முன்ன வலிச்சுது. இப்ப களத்துல இறங்கும்போதே மரப்புப் பட்டையை முதுகுல ஒட்டிக்கிடுதாவ. கை விழுந்தா, செருப்பு கழண்டவன் மாதிரி திரும்பிப் பாத்துட்டு வாரான்."

"யார் ஜெயிச்சாங்க?"

"எவனும் ஜெயிக்கல. கை போனவன் ஒதுங்கணும்னு ஏற்பாடு. ரெண்டு நாள்ல புதுக்கை வந்துருமே, எவன் ஒதுங்குவான்? 'அடுத்தாப்ல வச்சுக்கிடுவோம்'னு எந்திரிச்சு வந்துருதான். தேர் நகந்து பல வருசமாச்சு சார். சக்கரத்துல கரையான் ஏறிட்டு."

ஷாகுல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "உயிர் போகாதா?"

"கழுத்துக்கு மேல அரிவா போகக் கூடாதுன்னு கட்டுப்பாடு. ஒரு தடவை எங்க சின்ன மாமனாருக்குத் தெரியாம மண்டையில பட்டுட்டு. பெட்டி மண்டையை அழகாத்தான் செஞ்சு குடுத்துச்சு. மூச்சு விடுதாவ, கண்ணைச் சிமிட்டுதாவ. பொண்டாட்டி யாருன்னு தெரியல. சோத்தைக் கண்டா என்னன்னு தெரியல. இன்னைக்கும் எங்க சின்ன மாமியாதான் ஊட்டி விடுதா. உடம்பு முளைக்கும் சார், ஆளு முளைக்காது."

அதிகாரி இலையை எடுத்துத் தாம்பாளத்தை மறுபடி மூடினார். போகும்போது வாசலில் நின்று, "இந்தப் பெட்டி மட்டும் இல்லைன்னா ஒருத்தன் அரிவாளைத் தூக்குவானாம்மா?" என்றார். "போனது போனதுதான்னு தெரிஞ்சா பயம் வந்துடும். பயம் இருக்கிற இடத்துல புத்தி இருக்கும்."

படித்தவர் பேச்சு. வடிவின் மனதில் அது முள்ளாய்த் தைத்துவிட்டது.

இந்த வருஷம் கொடி ஏறியதும் கொம்பையா வீட்டுக் கொல்லையில் பயிற்சி ஆரம்பித்தது. வழக்கமாக வாழைத்தண்டை நட்டு வைத்து வெட்டுவார்கள். வடிவு துணி உலர்த்தப் போனபோது, வாழைத்தண்டைக் காணோம். வேப்பமரக் கிளையிலிருந்து கயிற்றில் வெள்ளைப் பூசணிக்காய்கள் தொங்கின. கொம்பையா நல்ல உயரம், அவனுடைய ஆட்களும் அப்படித்தான். பூசணிக்காய் ஒவ்வொன்றும் அவர்கள் தோளுக்கு நேராகத் தொங்கியது. அந்த உயரத்தில் தலை உள்ளவன் ஊரில் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் இடுப்பில் சுமந்து வளர்த்த குள்ளன் அவன். கொம்பையா அரிவாளை வீசினான். பூசணிக்காய் இரண்டாகப் பிளந்து விதை தெறித்து அவள் சேலையில் ஒட்டியது.

"என்ன பண்ணுதீய?" என்றாள்.

"கண்ணு தெரியலையா?"

"கட்டுப்பாடு இருக்குல்லா. கழுத்துக்கு மேல..."

"ஏட்டி, கட்டுப்பாடு போட்ட காலத்துல வெட்டுன கை வெட்டுனதா இருந்துச்சு. எங்க பாட்டன் ஒரு விரல் குடுத்து வாங்கின மரியாதையைச் சாகுற வரைக்கும் எவனும் கேள்வி கேக்கல. நான் ஏழு தடவை கை குடுத்திருக்கேன். ஒருத்தன் மதிக்கானா? வெட்டுன கை வெளைஞ்சிருதுன்னா அப்புறம் வெட்டுக்கு என்னட்டி மதிப்பு?" அவன் அரிவாளில் ஒட்டிய பூசணிச் சதையை விரலால் வழித்து உதறினான். "வெளையாதது ஒண்ணுதான் பாக்கி. அதைத்தான் எடுக்கணும்."

"அவன் உங்களை அத்தான்னு கூப்பிடுதவன்யா."

"அதான் வேற ஆளை விடாம நானே பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். ஒரே வெட்டு. அவனுக்கும் கஷ்டம் இருக்காது."

இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. மச்சினனுக்குச் சீர் செய்கிற மாதிரி சொன்னான். வடிவு துணியை அப்படியே போட்டுவிட்டுத் தெற்குத் தெருவுக்கு ஓடினாள்.

ஐயம்பெருமாள் தன் வீட்டு முற்றத்தில் தனியாகக் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. கேட்டால், "பெட்டிகிட்ட பொண்ணு கேட்டேன்க்கா, பொம்மை வந்து விழுது" என்பான். அக்கா சொன்னதைக் கேட்டு அவன் அதிரவில்லை. காயைச் சுண்டிவிட்டு நிமிர்ந்தான்.

"அத்தானும் அதேதான் நெனைச்சாகளா? நாங்களும் முந்தா நாள் அதைத்தான் பேசி முடிச்சோம்."

"ஏல, உனக்குப் பைத்தியமா?"

"உக்காருக்கா. நான் காலையில எந்திரிச்சா சாப்பாடு இருக்கு. படுத்தா மெத்தை இருக்கு. நான் எந்திரிக்கலைன்னாலும் அது பாட்டுக்கு இருக்கும். என்னைய எவனாவது தேடுதானா? களத்தன்னைக்கு மட்டுந்தான் 'ஐயம்பெருமாள் எங்கல'ன்னு ஒரு தெருவே கத்துது. அந்தச் சத்தத்துக்காகத்தான்க்கா வருசம் பூரா உசிரை வச்சுக்கிட்டிருக்கேன்."

"நான் தேடுதேன்ல. தெனம் தேடுதேன்."

அவன் சிரித்தான். "நீ ஆஸ்பத்திரியில எல்லாரையுந்தான் தேடுத."

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. ஓங்கி அறைந்தாள். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "இது நல்லா வலிக்குக்கா" என்றான். பிறகு மறுபடியும் காயை அடுக்கினான். இரண்டு பேரில் ஒருத்தன் மற்றவன் தலையை எடுக்கப் போகிறான், அவள் தாலி அறுக்க வேண்டும் அல்லது தம்பியைப் பிணமாய்ப் பார்க்க வேண்டும். வேறு வழி ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஷாகுல் சொன்னது நினைவுக்கு வந்தது.

தேர் அன்று காலை ஊரே கோயிலில் இருந்தது. வடிவு ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்திக்கொண்டு கடப்பாரையை எடுத்தாள். உடம்புப் பெட்டியின் அடிவயிற்றில் கண்ணாடி உருளை ஒன்று உண்டு, அதுதான் அதற்கு உயிர். வீட்டுப் பெட்டி வேறு என்ன தந்தாலும் அதைத் தராது. தலைநகரத்திலிருந்துதான் வர வேண்டும். அவள் முதல் அடி அடித்தபோது உருளை விரிசல்கூட விடவில்லை. புருஷனை நினைத்து ஓர் அடி, தம்பியை நினைத்து ஓர் அடி, எல்லாக் கைகளையும் துடைத்துத் துடைத்து நாறிப்போன தன் விரல்களை நினைத்து ஓர் அடி. உருளை உடைந்து மஞ்சள் கூழ் தரையெல்லாம் பரவியது. கண்ணாடி குத்தி உள்ளங்கையில் ரத்தம் வந்தது. அவள் அப்படியே கோயிலுக்கு நடந்தாள்.

பொட்டலில் இரண்டு தெருவும் எதிரும் புதிருமாக நின்றன. வடிவு ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. ஆஸ்பத்திரிப் பெட்டியை உடைச்சுட்டேன். பொய் சொல்லல, போய்ப் பாருங்க. இனி கை போனா போனதுதான், கால் போனா போனதுதான். ரத்தம் வந்தா நிக்காது. புள்ளைகுட்டிக்காரவ யோசிச்சுக்கிடுங்க. அரிவாளைக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

தேர்க்கொடி படபடக்கிறது மட்டும் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கணம் வடிவுக்குத் தெம்பு வந்தது. பயந்துவிட்டார்கள், பிழைத்தோம் என்று நினைத்தாள்.

பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி குலவை போட்டாள்.

அடுத்து இன்னொருத்தி. பிறகு இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்து போட்ட குலவையில் பொட்டல் அதிர்ந்தது. கொம்பையா முதுகுக்குப் பின்னால் கையைவிட்டு மரப்புப் பட்டையைப் பிய்த்து எறிந்தான். அவனைப் பார்த்து ஐயம்பெருமாளும் பிய்த்தான். நாற்பது பேரும் பிய்த்து எறிந்தார்கள். சிலர் அழுதுகொண்டே சிரித்தார்கள். கிழடுகள் கையெடுத்து வடிவைக் கும்பிட்டன. எத்தனையோ வருஷமாகக் கேட்டது எல்லாம் கிடைத்த ஊருக்கு, கொடுத்தால் திரும்பாத ஒன்று அன்றைக்குத்தான் கிடைத்தது. அதை அவர்களுக்குக் கொடுத்தவள் அவள்தான்.

"வேண்டாம்! வேண்டாம்யா!" என்று ஒலிபெருக்கியில் கத்தினாள். யார் காதிலும் விழவில்லை.

முன்பெல்லாம் களம் என்றால் விறகு வெட்டுகிற சத்தம்தான் கேட்கும். அன்றைக்கு மனிதர்கள் அலறினார்கள். முதல் வெட்டு வாங்கியவன் தோளைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கூப்பிட்டபோது, அந்தச் சத்தத்தைப் பல காலமாய்க் கேட்டிராத ஊர் ஒருமுறை நடுங்கிற்று. நடுங்கிவிட்டு முன்னால் நெருங்கி வந்தது. ஒருத்தன் குடல் சரிந்து, அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். ஒருத்தன் இல்லாத கையால் எதிராளியைக் குத்தப் போய் முகம் குப்புற விழுந்தான். மண் சேறாகிவிட்டது, ஆட்கள் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே கடித்துக்கொண்டார்கள்.

நடுவில் கொம்பையாவும் ஐயம்பெருமாளும் நேருக்கு நேர் வந்தார்கள்.

"வாங்க அத்தான்."

"வா மாப்ள."

ஐயம்பெருமாள்தான் முதலில் வீசினான். கொம்பையா இடது கையால் தடுத்தான், மூன்று விரல் தெறித்து விழுந்தது. அவன் விரல் விழுந்த இடத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் வலியும் இருந்தது, கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற பூரிப்பும் இருந்தது. பிறகு குனிந்து வீசினான். தலைக்குப் போகவில்லை. இனிமேல் தலைக்குப் போக வேண்டிய தேவையே இல்லையே, எங்கே வெட்டினாலும் வெட்டுத்தான். தம்பியின் வலது தொடையில் அரிவாள் எலும்பு வரைக்கும் இறங்கியது.

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அது ரெண்டு நாள் சமாசாரம்.

வடிவு ஓடினாள். பக்கத்து ஊரான ஆலம்பட்டியில் ஓர் உடம்புப் பெட்டி இருந்தது, ஆஸ்பத்திரியின் பறக்கும் வண்டியில் போட்டால் கால்மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தைரியத்தில்தான் அவள் கடப்பாரையையே தூக்கியிருந்தாள். ஆனால் அவள் போய்ச் சேருவதற்குள் தெற்குத் தெருக்காரர்கள், அவளோடு பிறந்து வளர்ந்தவர்கள், அவனைச் சுற்றி வளையமாக நின்றுவிட்டார்கள். கையோடு கை கோத்திருந்தார்கள்.

"வழிவிடுங்கல! வண்டியைக் கூப்பிடுங்க!"

"வேண்டாம்க்கா," என்றான் ஒருத்தன். அவள் மடியில் சோறு தின்றவன். "ஆலம்பட்டிக்குக் கொண்டு போனா முளைச்சிரும். முளைச்சா எல்லாம் வீணாப் போயிரும்."

அவள் அவன் கையைக் கடித்தாள். பல் எலும்பில் பட்டும் அவன் விடவில்லை. காலுக்கடியில் புகுந்து உள்ளே போனாள். தம்பி மல்லாந்து கிடந்தான், தொடையிலிருந்து ரத்தம் கொப்புளித்தது. சேலையைக் கிழித்துக் கட்டினாள். கட்டு வழுக்கியது. எங்கே அழுத்தினால் நிற்கும்? இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூடியைத் திறப்பது, படுக்கவைப்பது, பொத்தானை அமுக்குவது. ஊசி நூல் அந்த ஊரில் எவரிடமும் இல்லை. இரண்டு கையாலும் காயத்தைப் பொத்திக்கொண்டு அவன்மேல் சாய்ந்து படுத்தாள்.

"ஐயம்பெருமாள்! ஐயம்பெருமாள்!" என்று தெரு முழுவதும் கத்தியது. அவன் ஆசைப்பட்ட சத்தம்.

முதலில் அவன் சிரிக்கத்தான் செய்தான். பிறகு உதடு வெளுத்தது. அவள் காதுக்கு அருகில் வாயைக் கொண்டுவந்தான்.

"அக்கா... வண்டியைக் கூப்பிடுக்கா. பயமா இருக்கு."

"கூப்பிடச் சொல்லுதான்! கேட்டியளா? அவனே கூப்பிடச் சொல்லுதான்!" என்று அவள் அலறினாள். குலவைக்குள் அது அமுங்கிப்போனது. அவள் எழுந்து வண்டிக்கு ஓட முடியாது, கையை எடுத்தால் ரத்தம் பீறிடும். அவன் அவள் காதோரத்தில் மறுபடியும் மறுபடியும் வண்டி, வண்டி என்றான். சிறு பிள்ளையாய் இருந்தபோது கேட்டதைத் தரும் வரைக்கும் விடமாட்டான். இப்போது பாதியிலேயே விட்டுவிட்டான்.

உயிரையே கொடுத்தவனுக்கு முன்னால் இனி நிற்க முடியாது என்று வடக்குத் தெரு அரிவாளைக் கீழே போட்டது. கொம்பையா விரல் போன கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "ஜெயிச்சுட்ட மாப்ள" என்றான். வடிவு அவன் முகத்தில் காறித் துப்பினாள். அவன் துடைக்கவில்லை.

பிணம் விழுந்த தெருவில் தேர் நகரக் கூடாது, தீட்டு என்றார் பூசாரி. களத்தில் விழுந்தவனுக்கு ஏது தீட்டு என்று இரண்டு தெருவும் ஒரே குரலில் கேட்டன. அவர்கள் ஒன்றாய்ச் சேர்ந்து பேசியதே அன்றைக்குத்தான். ஐயம்பெருமாளின் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். மாலை போட்டார்கள். நாலு பேர் அவனைத் தூக்கிப் பிடித்து, அவன் கையை வடத்தின் மேல் வைத்து அழுத்தினார்கள். பிறகு ஊரே வடத்தைப் பிடித்தது. கரையான் உதிர, பல வருஷத்துக்குப் பிறகு தேர் நகர்ந்தது. வடிவு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் புருஷன் வீட்டுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரி அறையிலேயே தங்கிவிட்டாள். ஷாகுல் புதுப் பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "நான்தான் உடைச்சேன்" என்றாள். "போனது போனதுதான்னு தெரிஞ்சா பயம் வந்துரும்னு சொன்னீங்கல்ல சார். வந்து பாருங்க, எப்படிப் பயந்து கெடக்காவன்னு."

அவர் தெருவில் ஒரு நடை போய்விட்டு வந்தார். டீக்கடை பெஞ்சில் நடு இடம் ஒற்றைக்கால்காரனுக்கு விடப்பட்டிருந்தது. மொட்டைக் கையில் சந்தனம் பூசிக்கொண்டு ஒருத்தன் நடந்துபோனான், எதிரே வந்தவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். திரும்பி வந்த ஷாகுல் பெட்டியைப் பூட்டிச் சாவியை வடிவின் கையில் கொடுத்தார். வண்டி ஏறினார்.

கொம்பையா ஒருமுறை வந்து வாசலில் நின்றான்.

"உள்ள வந்து படுங்க," என்றாள் அவள், பகையை எல்லாம் விழுங்கிக்கொண்டு. "விரலாவது வரட்டும்."

"இதையா?" அவன் கையை மடியில் மறைத்துக்கொண்டான். "உன் தம்பி குடுத்தது வடிவு. இதைப் போய் அழிக்கச் சொல்லுதியே." அவன் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. அவளுக்கு அவனைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெட்டுப்பட்டவர்களில் ஒருவர்கூடப் பெட்டிக்கு வரவில்லை. சீழ் பிடித்துச் செத்தாலும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் அவள் பெட்டியைத் துடைத்து, விளக்கைப் போட்டு, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள். ஒருத்தன் வந்தால் போதும், அவனைப் பார்த்து இன்னொருத்தன் வருவான், ஊர் திருந்திவிடும். தம்பி செத்ததற்கு அந்த ஒரு பலனாவது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அப்படியிருக்க, ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. வெள்ளாங்குறிச்சியில் யாரும் எதற்கும் வரிசையில் நின்று அவள் பார்த்ததில்லை. முதல் ஆளாக நின்றவன் வடக்குத் தெருச் சுயம்பு. கல்யாண வயசில் பெண் இருக்கிறவன், கொம்பையாவுக்குத் தம்பி முறை.

"வாங்க, வாங்க. எங்க காயம்?"

"காயம் ஒண்ணும் இல்ல மதினி." சுயம்பு வேட்டியைத் தூக்கி இடது காலைக் காட்டினான். வழுவழுவென்று நல்ல கால். "போன வருசம் இது வெட்டுல போச்சுல்லா. நீங்க முளைக்க வச்சிய."

"ஆமா. வலிக்கா?"

"இல்ல. எடுத்துருங்க."

"எதை?"

"காலைத்தான். இது நியாயமா எனக்குப் போன காலு மதினி. நான் கேக்காமலே திருப்பிக் குடுத்துட்டிய. மகளுக்கு மாப்ள பேச வந்தவன், 'உங்க அப்பா முழு ஆளா இருக்காவளே'ன்னு சிரிச்சுட்டுப் போறான். எனக்குச் செத்துரலாம்னு இருக்கு."

வடிவு வரிசையைப் பார்த்தாள். ஒவ்வொருவராய்ப் பார்த்தாள். எல்லோருக்கும் இரண்டு கை, இரண்டு கால். சிலர் தாம்பாளமும் வாழை இலையும் கொண்டுவந்திருந்தார்கள்.

"முடியாது," என்றாள். "செய்ய மாட்டேன். கெஞ்சினாலும் செய்ய மாட்டேன். போங்க."

கேட்டதெல்லாம் கிடைத்த ஊரில் ஒருவரும் அந்த வார்த்தையைக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சுயம்பு திகைத்தான். பிறகு அவன் முகம் மெல்ல மலர்ந்தது. திரும்பி வரிசையைப் பார்த்து, "ஏல, லேசுல கிடைக்காதாம்ல!" என்றான்.

வரிசை முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. கடைசியில் தயங்கி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒருத்தன் சொல்லிவிட்டு வரத் தெருவுக்குள் ஓடினான். சுயம்பு தோளில் கிடந்த துண்டை எடுத்து முதல் படியில் விரித்து, "நான்தான் முதல்ல வந்தேன்" என்று சொல்லி அதன்மேல் உட்கார்ந்தான்.

அவனுக்குப் பின்னால் நின்ற தெற்குத் தெருக்காரன் துண்டின் ஓரத்தைக் காலால் மிதித்தான்.

"எவன்ல சொன்னான், நீ முதல்லன்னு?"